என் பிணத்தைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடம்

“அந்தப் பள்ளிக்கூடத்தை எனக்குக் குடுங்க சார். நான் இங்கேயே தங்கிப் பாடம் நடத்திக்கறேன்.”

கேட்டே விட்டாள் ஆத்தாயி.

எதை வேண்டுமானாலும் கேள், வேலையை மாற்றிக் கொடு என்று மட்டும் கேட்டுவிடாதே என்று பேளுக்குறிச்சியில் அவள் அப்பா அப்புசாமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “குடுக்கற வேலையைக் கண்ணுல ஒத்தி வாங்கிக்கோணும் கண்ணு. அது வேணும் இது வேணும்னு வாயைத் தொறந்தீன்னா இருக்கறதும் போயிரும்.” போர்டு ஆபீசில் தலைமை குமாஸ்தாவும் அதையேதான் சொன்னார். இரண்டு ஆண்கள் ஒரே புத்திமதியைச் சொன்னதாலேயே அவளுக்கு அது தப்பாக இருக்கும் என்று தோன்றிவிட்டது.

அவள் பரம்பரையில் பி.ஏ. படித்தவர் அவளுக்கு முன்னால் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. சென்னைப் பட்டணத்தில் ஹாஸ்டல் பெண்கள், “ஆத்தாயி பி.ஏ.ன்னா நல்லாவா இருக்கு? ஆதிலட்சுமின்னு மாத்திக்கோயேன்” என்றபோது, “ஏன், பட்டத்துல அச்சடிக்க மை பத்தாதா?” என்று கேட்டவள் அவள். அந்த நாக்கோடு ஆபீஸ் வேலைக்கு வந்தால் என்ன ஆகும்? மூன்று மாதமாக அவளைத் தபால் பையைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்திருந்தார்கள்.

அவள் கேட்டது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அர்த்தனாரியிடம். கேட்ட இடம் கொல்லிமலை மேலே, செம்மேட்டு பங்களா வராந்தா. முற்றத்தில் ஊர்த் தலைவரான பட்டக்காரர் பொங்கியண்ணனும் அவர் பின்னால் மலைச்சனம் நாற்பது பேரும், பள்ளிக்கூடம் இருக்குமா போகுமா என்று தெரிந்துகொள்ள நின்றார்கள்.

பள்ளிக்கூடம் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கீழேயிருந்து அனுப்பிய வாத்தியார்கள் எல்லாரும் குளிர்காய்ச்சல் என்று சொல்லி மாதம் முடிவதற்குள் இறங்கிவிட்டார்கள். கடைசியாக வந்தவர் காய்ச்சல் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டார். வாத்தியார் இல்லாத இடத்தில் பெஞ்சு எதற்கு, ஓடு எதற்கு, எல்லாவற்றையும் கழற்றிக் கீழே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்துதான் இன்ஸ்பெக்டர் நாலு ஆள் தூக்கும் டோலியில் மலை ஏறியிருந்தார். ஆத்தாயி டோலிக்குப் பின்னால் நடந்து ஏறியிருந்தாள்.

அவளை அழைத்து வந்தது மொழிபெயர்க்க. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், வீட்டில் பேசுவது, திட்டுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் தமிழ்தான். ஆனால் அதிகாரி என்று உட்கார்ந்துவிட்டால் இங்கிலீஷ் தவிர வேறு பேசமாட்டார். அதிலும் சாதா இங்கிலீஷ் இல்லை. ஆபீஸ் கரும்பலகையில் தினம் காலையில் ஒரு இடியம் எழுதுவார். கீழே அர்த்தம், அதற்கும் கீழே உபயோகம். சாயங்காலத்துக்குள் எல்லாரும் அதை ஒரு தடவையாவது உபயோகித்தாக வேண்டும். பியூன் சென்றாயன்கூட டீ வாங்கி வரும்போது மூச்சு வாங்க ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் கிளாசை வைப்பான்.

மலைக்கு வந்தாலும் பழக்கம் விடுமா? கரும்பலகை இல்லாததால் அன்று காலை டோலியில் ஆடிக்கொண்டே அன்றைய இடியத்தைச் சொல்லியிருந்தார்.

“ஓவர் மை டெட் பாடி. அர்த்தம்: அடியோடு மறுப்பது. உபயோகம்: விஷயம் பெரிதாக இருந்தால் மட்டும். சில்லறை விஷயத்துக்குச் செலவழிக்கக் கூடாது.”

அதற்கேற்ற பெரிய விஷயம் எதுவும் வழியில் அகப்படவில்லை. இப்போது ஆத்தாயி கேட்டதும் அவருக்குக் கோபம் வந்ததைவிட சந்தோஷம்தான் முதலில் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முற்றத்தைப் பார்த்துக் கணீரென்று சொன்னார்:

“ஓவர் மை டெட் பாடி!”

மலைச்சனம் ஆத்தாயியைப் பார்த்தது.

“சொல்லுங்கள், மிஸ் ஆத்தாயி. சொன்னதைச் சொன்னபடி. சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது” என்று இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் உத்தரவிட்டார்.

ஆத்தாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில்தான் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருந்தாள். பங்களாவில் சமையல் செய்யும் மாராயி, பூட்டிய கதவுக்கு முன்னால் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். பூட்டின பள்ளிக்கூடத்தை ஏன் பெருக்குகிறாய் என்று கேட்டதற்கு, “திடுக்குன்னு யாராச்சும் வந்துட்டா, குப்பையா கெடக்குதேன்னு திரும்பிப் போயிரக் கூடாதில்லீங்க” என்றாள். அதைக் கேட்ட பிறகு தபால் பைக்குத் திரும்பிப் போக அவளால் முடியவில்லை.

சொன்னபடி சொல்ல வேண்டுமா? சொல்கிறேன்.

“ஏனுங்க பட்டக்காரரே, சார் சொல்றதைக் கேட்டுக்குங்க. ‘நான் செத்து, என் பொணம் குறுக்க கெடந்து, அதைத் தாண்டித்தான் இவ அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள போகோணும்’கிறாருங்க.”

பொங்கியண்ணன் தோள் துண்டை மெல்ல எடுத்து இடுப்பில் கட்டினார்.

“என்ன வார்த்தை சாமி சொல்லிப்போட்டீங்க!”

“வாட் டஸ் ஹி சே?” என்றார் இன்ஸ்பெக்டர், காதில் நன்றாக விழுந்தும்.

“சாவைச் சாட்சி வெச்சுப் பேசிட்டீங்க” என்றார் பட்டக்காரர். “எங்க மலையில அது சாவுச் சொல்லுங்க. சொன்னவரு தலை மேல நிக்கும். அது எறங்குற வரைக்கும் அவரு ஓடையைத் தாண்டக் கூடாது. அடுப்புல வெந்ததைத் திங்கக் கூடாது. தனியா ஒரு எட்டு எடுத்து வெக்கக் கூடாது. இனி உங்க உசுருக்கு நாங்கதான் பொறுப்பு.”

சமையல்கட்டில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. மாராயி அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டாள். இன்ஸ்பெக்டருக்காக வெந்துகொண்டிருந்த சோறு பாதியில் நின்றது.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். பாடம் நடத்த ஒரு வாய்ப்பு. “மிஸ் ஆத்தாயி, அவர்களிடம் விளக்குங்கள். அது ஒரு இடியம். யாரும் சாவதில்லை. அழுத்தத்துக்காகச் சொல்வது.”

“சாவெல்லாம் இல்லீங்களாமா. சும்மா அழுத்தத்துக்குச் சொன்னதாமுங்க.”

“அழுத்தமாத்தான் உழுந்துச்சு” என்றார் பட்டக்காரர். “சும்மா பேசுறதுக்கு ஆராச்சும் சொந்தப் பொணத்தை இழுப்பாங்களா? ஒரு ஆட்டையோ மாட்டையோ இழுக்கலாமில்ல?”

நியாயமான கேள்வியாகத்தான் ஆத்தாயிக்குப் பட்டது.

இன்ஸ்பெக்டர் உடனே புறப்பட்டுவிடுவதென்று தீர்மானித்தார். மறுநாள் சாயங்காலம் அவருடைய மேலதிகாரி ஆபீசைப் பார்வையிட வருகிறார். டோலியைக் கொண்டுவரச் சொன்னார். டோலிக்காரர்களில் மூத்தவனான கருப்பண்ணன் கைகட்டி நின்றான்.

“தூக்கமாட்டேங்க. சாவுச் சொல்லு நிக்கற ஆளை நாலு பேரு தோள்ல தூக்கினா அதுக்குப் பேரு டோலி இல்லீங்க, சாமி.”

“பிறகு என்னவாம்?” என்று இன்ஸ்பெக்டர் ஆத்தாயியை இங்கிலீஷில் கேட்டார்.

“பாடைங்கிறான் சார்.”

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பலாச்சுளையும் மலைவாழைப்பழமும் வந்தன. ராத்திரிக்கும் அவைதான். பலாச்சுளை நல்லதுதான், ஆனால் நேரத்துக்கு ஒரு தடவை காப்பி குடித்துப் பழகிய மனுஷனுக்கு எத்தனை சுளைதான் இறங்கும்? மறுநாள் விடிந்ததும் பல்லைக்கூட விளக்காமல் வராந்தாவுக்கு வந்து கத்தினார்:

“ஐ ஆம் டையிங் ஃபார் எ கப் ஆஃப் காஃபி!”

காவலுக்கு இருந்தவர்கள் ஆத்தாயியைப் பார்த்தார்கள்.

“ஒரு வாய் காப்பிக்காகச் செத்துக்கிட்டிருக்கேங்கிறாருங்க.”

“மிஸ் ஆத்தாயி!”

“நீங்கதானுங்க சார் சொன்னதைச் சொன்னபடி சொல்லச் சொன்னீங்க.”

“அது இடியம்!”

“இங்கிலீஷ்ல சாவு இல்லாத இடியமே இல்லீங்களா சார்? நான் அதைச் சொல்லிட்டுப் போறேன்.”

அதற்குள் பொங்கியண்ணன் ஓடி வந்தார். “மறுபடியும் சாவா? முந்தினதே எறங்கலியே!” காவல் கூடிற்று. இன்ஸ்பெக்டர் பலாமரத்தடியில் நடந்தால் தலைக்கு மேல் காய் பார்க்க ஓர் ஆள், படி இறங்கினால் கைகொடுக்க ஓர் ஆள், கொல்லைப்பக்கம் போனால் வெளியே நின்று, “சாமி, இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருக்க இரண்டு ஆள். பதில் வரத் தாமதமானால் கதவைத் தட்டினார்கள்.

கொல்லைப்பக்கமிருந்து சிவந்த முகத்தோடு வெளியே வந்தவர், ஆத்திரத்தில் வாயை அடக்க மறந்துவிட்டார்.

“தீஸ் பீப்பிள் வில் பி த டெத் ஆஃப் மி!”

இதை மட்டும் சொல்லலாமா வேண்டாமா என்று ஆத்தாயி ஒரு கணம் தயங்கினாள். பிறகு மூன்று மாதத் தபால் பைகள் நினைவுக்கு வந்தன.

“இந்தச் சனங்க கையாலதான் எனக்குச் சாவுங்கிறாருங்க.”

ஐயோ என்று ஒரு கூச்சல். “எங்க மேலயா பழி? காப்பாத்தறவங்க மேலயா?” என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். எங்கோ கொம்பு ஊதியது. சரிவுக்கு மேலேயும் கீழேயும் இருந்து சனம் வர ஆரம்பித்தது. சாமைக் காட்டில் களை பறித்தவர்கள் அப்படியே களைக்கொட்டோடு வந்தார்கள். இன்ஸ்பெக்டரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்த சென்றாயன், வராந்தா கம்பத்தோடு ஒட்டி நின்று, “மிஸ், என் பேரு எதுலயும் வரலீங்களே?” என்று கேட்டான். அவன் கீழ்நாட்டான்; இந்த மலை வழக்கங்கள் என்றாலே அவனுக்குப் பயம்.

ஆத்தாயிக்கும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. வாய்க்கு வந்ததை மொழிபெயர்த்து அவரைக் கொஞ்சம் அலைக்கழிக்கலாம் என்று பார்த்தாளே ஒழிய, இத்தனை பெரிய விஷயத்தில் கைவைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. பி.ஏ.யில் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார். “நடந்தே போகிறேன். யார் தடுப்பார்கள் என்று பார்க்கிறேன்.”

யாரும் தடுக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். வழி விட்டார்கள். அவர் முள்ளுக்குறிச்சிப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினார். சென்றாயன் பெட்டியோடு பின்னால், ஆத்தாயி அவனுக்குப் பின்னால். ஒரு திருப்பம் தாண்டியதும் காலடிச் சத்தம் கூடுதலாகக் கேட்கிறதே என்று இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

டோலிக்காரர்கள் நாலு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். கருப்பண்ணன் தோளில் பச்சை மூங்கில் இரண்டு. அடுத்தவன் கையில் புதுக்கயிறு. மூன்றாமவன் ஒரு கட்டு தென்னங்கீற்று வைத்திருந்தான். நாலாவது ஆள் ஒரு மண்சட்டியை இடுப்பில் அணைத்து, அது உடையாதபடி பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான்.

“இ... இதெல்லாம் எதுக்கு?” பதவிக்கு வந்த நாள்முதல் ஆபீஸ் காரியத்தில் அர்த்தனாரி பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது.

“எதுக்கும் இருக்கட்டுமுன்னுதானுங்க, சாமி” என்றான் கருப்பண்ணன் பணிவாக. “முன்னால ஓடை வருது. எங்கயாச்சும் பாதி வழியில ஒண்ணு ஆயிட்டா, அங்க மூங்கிலுக்கு எங்க போறது? நீங்க பாட்டுக்கு நடங்க. நாங்க அவசரப்படுத்தமாட்டோம்.”

இன்ஸ்பெக்டர் மூங்கிலைப் பார்த்தார். மூங்கில் அவர் உயரத்துக்குச் சரியாக வெட்டியிருந்தது. ஓடைச் சத்தம் கேட்டது. திரும்பி மேலே ஏறினார்.

பங்களா படியில் தொப்பென்று உட்கார்ந்து, “ஏனுங்க பட்டக்காரரே, இது எறங்கறதுக்கு வழியே இல்லீங்களா?” என்று கேட்டார். அசல் திருச்செங்கோட்டுத் தமிழ். ஆத்தாயிக்கு மொழிபெயர்க்க வேலையில்லாமல் போய்விட்டது.

பொங்கியண்ணன் தாடையைச் சொறிந்தார். பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினார். திரும்பி வந்தார்.

“ஒரே வழிதானுங்க. செத்தாத்தான் நடக்கும்னு எதைச் சொன்னீங்களோ, அதை உசுரோட இருக்கையில உங்க கையால நீங்களே நடத்தி வெக்கோணும். அப்பச் சாவுக்கு அங்க வேலை இல்லாமப் போயிரும்.”

“அப்படின்னா...”

“பள்ளிக்கூடத்தைத் தொறந்து அம்மிணி கிட்டக் குடுக்கோணுமுங்க.”

இன்ஸ்பெக்டர் ஆத்தாயியைப் பார்த்தார். “உனக்குக் காய்ச்சல் வந்தா?”

“கொய்னா மாத்திரை சாப்புட்டுக்கறேங்க சார்.”

“பொம்பளைப் புள்ளையை மலையில தனியா உட்டேன்னு நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க!”

“தனியா எங்கீங்க சார்? உங்களுக்கே கொல்லைக்குப் போக ரெண்டு ஆளு வெச்சாங்க.”

பள்ளிக்கூடக் கதவை அர்த்தனாரிதான் திறந்தார். பூட்டு துருப்பிடித்திருந்ததால் கல்லால் நாலு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. உள்ளே இரண்டு பெஞ்சும், ஒரு பக்கம் யாரோ குவித்து வைத்த மரவள்ளிக்கிழங்கும், கூரையில் ஒரு பொத்தலும் இருந்தன. ‘மேற்படி பள்ளிக்கு மிஸ் ஆத்தாயி, பி.ஏ., உபாத்தியாயினியாக இன்றுமுதல் நியமனம்’ என்று பெஞ்சின் மேலேயே வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைச் சென்றாயன் வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாக இறங்கிவிட்டான். அவனைப் பிடித்து நிறுத்த மலையில் ஒரு வழக்கத்தாலும் முடிந்திருக்காது.

மாராயி அடுப்பைப் பற்ற வைத்தாள். காப்பி வாசனை முற்றம் வரைக்கும் வந்தது. மூங்கில் எங்கோ மறைந்து, டோலி வாசலுக்கு வந்து நின்றது.

இரண்டாவது தம்ளர் உள்ளே போனதும் அர்த்தனாரிக்கு இங்கிலீஷ் திரும்பி வந்துவிட்டது. பங்களாக் கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஆத்தாயியைக் கூப்பிட்டார்.

“மிஸ் ஆத்தாயி, நாடகம் போதும். நீயும் என்னோடு இறங்கு. கீழே போனதும் நான் அந்த உத்தரவை ரத்து செய்துவிடுகிறேன். பதிலுக்கு உனக்கு ஆபீசில் நிரந்தர வேலை, ஜன்னலோர நாற்காலி. தபால் பை வேறு யாராவது கட்டட்டும்.”

“ரத்து பண்ணினா காரணம் எழுதோணுமில்லீங்களா சார்? மூங்கிலைப் பார்த்துப் பயந்து கையெழுத்துப் போட்டேன்னா எழுதுவீங்க?”

அவர் காப்பியைப் பார்த்தார்.

“நிரந்தர வேலை, ஆத்தாயி! உன் அப்பா என்ன சொல்லுவார் என்று யோசி. ஒரு நாள் டைம் தருகிறேன். நிதானமாக...”

யோசிக்க என்ன இருக்கிறது? முடிவு நேற்றுக் காலையில், அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னாலேயே ஆகிவிட்டது. மீதியெல்லாம் வாயால் செய்த வேலைதான். “போயிட்டு வாங்க சார்” என்று கும்பிட்டாள். அவர் அடுத்த இடியத்தைத் தேடி முடிப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.

வெளியே மாராயி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தைப் பார்க்க நடந்தார்கள். பாதி தூரம் போனதும் ஆத்தாயியின் நடை தளர்ந்தது. தூரத்துச் சரிவில் டோலி ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க மாராயி, எனக்கு ஒரே உறுத்தலா இருக்குது. அவரு வாயாலதான் குடுத்தாரு, மனசாரக் குடுக்கலை. ஓடையைத் தாண்டறப்போ அந்தச் சாவுச் சொல்லு மறுபடியும் அவரைப் புடிச்சுக்காதே? கோவக்காரியா இருந்தாலும் எனக்கு அந்தப் பாவம் வேண்டாமுங்க. நீங்க பரம்பரையா இந்த வழக்கத்தைப் பார்க்கறவங்க, சொல்லுங்க.”

மாராயி பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க மறு கையால் வாயைப் பொத்தினாள்.

“பரம்பரையாவா? ஐயோ கண்ணு, நேத்து நீ அவரு சொன்னதைத் தமிழ்ல சொல்ற வரைக்கும் எங்க மலையில அப்படி ஒரு வழக்கமே இல்லீங்களே!”